பெரிய எழுத்தில் சில நாவல்கள்: நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலகங்களுக்கு நூல்களைத் தேர்வு செய்யும் குழுவினருக்கும், அந்நூல்களை அச்சிட்டுத் தரும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

பெண்களின் வாழ்க்கை, குடும்ப உறவுகள், முதுமை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நாவல்களுள் தரமானவற்றைத் தேர்ந்து, பெரிய எழுத்தில், வயதான கை தாங்கக்கூடிய கனத்தில் மறுபதிப்புச் செய்து, கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வைக்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. கோரிக்கை சிறியதுதான். ஆனால் அந்த நாவல்களைப் பற்றியும், அவற்றைத் தேடி வருபவர்களைப் பற்றியும், ஒரு புத்தகம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொன்னால்தான் அதன் நியாயம் விளங்கும் என்பதால், தங்கள் பொறுமையை வேண்டுகிறேன்.

காவிரிக் கடைமடைப் பகுதியின் சிற்றூர்களில் கிளை நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். காலையில் செய்தித்தாள் படிக்க வரும் ஆண்களின் கூட்டம் கலைந்த பிறகு, வீட்டில் சமையலை முடித்துவிட்டுக் கூடையோடு வரும் பெண்கள்தான் எங்கள் நூலகங்களில் நாவல் அலமாரிக்கு உண்மையான சொந்தக்காரர்கள். அவர்கள் நூற்பட்டியலைப் பார்த்துப் புத்தகம் எடுப்பதில்லை. நின்றபடியே நடுப்பக்கத்தைப் பிரித்து நாலு வரி படித்துப் பார்த்து முடிவு செய்வார்கள். படித்ததையே மறுபடியும் எடுத்துச் சென்றுவிடாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருவர் 21ஆம் பக்க எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார். இன்னொருவர் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி வைப்பார். புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. இருந்தாலும் அந்த அடையாளங்களை நான் ஒருநாளும் அழித்ததில்லை, ஏனென்றால் ஒரு நாவலை எத்தனை பேர் படித்தார்கள் என்பதை இரவல் பதிவேட்டைவிட அவை சரியாகச் சொல்லும். பதிவேட்டில் ஒரே ஓர் உறுப்பினர் எண்தான் இருக்கும். புத்தகத்திலோ அந்த வீட்டு மாமியாரின் வட்டமும், மருமகளின் புள்ளிகளும், பக்கத்து வீட்டுக்காரரின் பெருக்கல் குறியும் இருக்கும்.

எழுபதைக் கடந்த ஓர் அம்மா எந்த நாவலை எடுத்துக் கொடுத்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "இதுல வர்ற கிழவி கடைசியில யார் வீட்டுல இருக்கா? அதைச் சொல்லும்மா, அப்புறம் எடுத்துட்டுப் போறேன்." முடிவைச் சொல்லிவிட்டால் கதையின் சுவை போய்விடும் என்பது அவருக்குப் பொருந்தாது. மூன்று மகன்களின் வீடுகளில் மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சாப்பிட்டு வந்தவர் அவர். 31 நாள் உள்ள மாதம் எந்த மகனுக்கு வருகிறது என்பதை வைத்து மருமகள்களுக்குள் ஒருமுறை பேச்சு முற்றிவிட்டதென்று அவரே சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் வந்தது. பிள்ளைகள் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் கீழ் உத்தரவிட முடியும். அந்த 31ஆம் நாளின் சோற்றை யார் என்ன முகத்தோடு பரிமாறினார்கள் என்பதை எந்தத் தீர்ப்பாயமும் விசாரிக்காது. அதை விசாரித்தவை நாவல்கள் மட்டுமே. அவர் அவற்றைத் தேடி வந்த காரணமும் அதுதான்.

இத்தகைய நாவல்கள் நம் மொழியில் குறைவல்ல. ராஜம் கிருஷ்ணனின் 'சுழலில் மிதக்கும் தீபங்கள்' 1987இல் வெளிவந்தது. நடுவயதை எட்டிய, படித்த, ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்த கிரிஜா, மாமியாரின் மடி ஆசாரத்துக்கும் கணவனின் அதிகாரத்துக்கும் பிள்ளைகளின் தேவைகளுக்கும் நடுவே நாளெல்லாம் உழைக்கிறாள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கங்கைக் கரைக்குப் புறப்பட்டுப் போகிறாள். சில நாள் கழித்துத் திரும்பி வரும்போது அவளுக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போகிறது. இந்த நாவலை எடுத்துச் சென்றவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னவற்றை நான் கவனித்திருக்கிறேன். நாற்பதுகளில் இருந்தவர்கள் கிரிஜாவைப் பற்றியே பேசினார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவரோ, "அவ போயிட்டா சரி, அந்த நாள் எல்லாம் மாமியாக்காரிக்கு யாரு சமைச்சுப் போட்டா?" என்று கேட்டார். அது மாமியாருக்குப் பரிந்து கேட்ட கேள்வி அல்ல. அவரும் ஒரு காலத்தில் கிரிஜாவாக இருந்தவர்தான். அப்போது அவர் மருமகளின் இடத்திலிருந்து மாமியாரின் இடத்துக்கு வந்துவிட்டிருந்தார். ஒரே நாவலை நாற்பதில் ஒருமுறையும் எழுபதில் ஒருமுறையும் வாசிக்கக் கிடைத்தால், ஒரு பெண் தன் வாழ்க்கையைப் பற்றி என்னவெல்லாம் கண்டுகொள்வாள் என்பதை யோசித்துப் பாருங்கள். இப்போதைய நிலையில் அந்த இரண்டாம் வாசிப்பு பெரும்பாலோருக்கு நடப்பதே இல்லை. எழுபதில் அந்தப் புத்தகத்தின் எழுத்து அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்த நாவல். பனை மரங்கள் சூழ்ந்த தென்கோடிக் கிராமத்தில், பழைய பெருமை மட்டுமே மிஞ்சிய ஒரு கிறித்தவக் குடும்பத்தின் கதை. அதைக் காதல் கதை என்று சொல்பவர்கள் உண்டு. லிஸிக்கும் பனையேறும் தங்கராஜுக்கும் இடையே முளைக்கும் அன்பு அதன் முதுகெலும்பு என்பது உண்மை. ஆனால் அந்த வீட்டில் நடமாட்டம் குறுகிப்போனவர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் முதுமையால் ஒடுங்கிய கண்ணப்பச்சி என்னும் தாத்தா. மற்றவர், பெரியவளாகிவிட்டாள் என்பதற்காகப் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட பேத்தி. ஒருவரை வயது கட்டிப்போடுகிறது, மற்றவரை வழக்கம் கட்டிப்போடுகிறது. அந்த இருவருக்கும் இடையே ஓடும் பாசத்தை ஹெப்ஸிபா எழுதியிருக்கும் அளவுக்கு அடக்கமாக எழுதிய வேறொருவரை நான் படித்ததில்லை. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த அவர், தன் மண்ணின் பேச்சுத் தமிழை அப்படியே கொண்டுவந்து தந்தார். காவிரிக்கரைப் பெண்களுக்கு அந்தப் பேச்சு முதல் இருபது பக்கம் வரை புரியாது. அதன்பின் அவர்களும் அதே பேச்சில் எனக்குப் பதில் சொல்லிக் கேலி செய்வார்கள்.

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வந்தது. எழுதியவர் ஆண் என்றாலும் இப்பட்டியலில் அதை விட்டுவிட முடியாது. அதில் வரும் உண்ணாமலை ஆச்சி, தன் சமூகத்தின் பழங்கதைகளையும் கட்டுப்பாடுகளையும் ஒரே மடியில் வைத்துக் காப்பவர். கணவன் வீட்டிலிருந்து பழி சுமத்தித் திருப்பி அனுப்பப்படும் பேத்தி நாகம்மையின் துயரமும், அந்த ஆச்சி சொல்லும் கதைகளின் இனிமையும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. பாட்டி என்றாலே அன்பின் வடிவம் என்று சொல்லிப் பழகிய நமக்கு, அன்போடு சேர்ந்தே கட்டுப்பாடும் கைமாறுகிறது என்பதை அந்த நாவல் உரக்கச் சொல்லாமல் காட்டிவிடுகிறது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். இப்படி ஒரு வரிசை தொடங்கப்பட்டால், அது நடுத்தர வகுப்பு வீடுகளின் கூடத்திலேயே நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. முதுமையைப் பற்றிய நாவல் என்றவுடன் நம் மனத்தில் எழுவது ஓய்வூதியமும் ஊஞ்சலும் வெளிநாட்டில் இருக்கும் மகனும்தான். கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு முதுமை என்பது ஓய்வே இல்லை. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. அதில் வரும் வெள்ளையம்மாக் கிழவி ஊருக்குப் பிரசவம் பார்ப்பவள், கணவன் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவன் போனவனாகவே இருந்துவிட, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' வேதாரண்யத்து உப்பு மண்ணின் கதை. கப்பலேறிப் போன கணவன் வருவான் என்று காத்துக்கொண்டே, கிடைத்ததைப் பொறுக்கியும் கிடைத்த வேலையைச் செய்தும் பெண்மக்களை வளர்க்கும் சுந்தராம்பாள், அந்தக் காத்திருப்பிலேயே வயதாகிப் போகிறாள். எங்கள் பகுதிப் பெண்கள் 'அளம்' நாவலைப் படித்துவிட்டு அதில் வரும் கீரை, கிழங்கு வகைகளுள் எது எங்கே முளைக்கும் என்று எனக்கு வகுப்பெடுத்திருக்கிறார்கள். ஆகவே, தேர்வு செய்யும்போது இந்த இரண்டும் முதல் ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

'குடும்ப நாவல்' என்ற பெயரைச் சொல்லி இவற்றை ஒதுக்கும் வழக்கம் நம் இலக்கிய உலகில் நெடுங்காலமாக இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பது சிறு விஷயம், தெருவிலும் களத்திலும் நடப்பதே பெரிய விஷயம் என்ற கணக்கு அது. 1955 முதல் 2024 வரை தமிழுக்கு வழங்கப்பட்ட சாகித்ய அகாதெமி விருதுகளைப் பெற்ற பெண்கள் நால்வர்: 1973இல் ராஜம் கிருஷ்ணன், 1984இல் லக்ஷ்மி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. விருதை வைத்து இலக்கியத்தை அளப்பவள் அல்ல நான். எனினும் இந்த நான்கு என்ற எண்ணிக்கை நம் அலமாரிகளில் எது கண்மட்டத்திலும் எது முழங்கால் மட்டத்திலும் வைக்கப்படுகிறது என்பதோடு தொடர்பில்லாதது அல்ல. குனிய முடியாதவர்கள் தேடும் புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருப்பதை நான் பணியில் சேர்ந்த ஊர்களிலெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அதே சமயம், இவ்வகையில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் நான் பரிந்துரைக்கவில்லை. வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்த நாவல்களுள் கணிசமானவை, தியாகம் செய்தே தேயும் தாய் அல்லது கொடுமையே உருவான மாமியார் என்ற இரண்டு அச்சுகளுக்கு வெளியே ஒரு முதியவளைக் கண்டதே இல்லை. கடைசி அத்தியாயத்தில் மகன் காலில் விழுந்ததும் எல்லாம் சரியாகிவிடும். அந்த வேலையை இன்று தொலைக்காட்சித் தொடர்கள் செவ்வனே செய்து வருகின்றன, அவற்றோடு நூலகம் போட்டியிட வேண்டியதில்லை. ஆனால் தொடர்கதை என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடுவதும் நியாயமல்ல. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு வைத்துக்கொண்ட ஒரு தலைமுறைப் பெண்கள் இருந்தார்கள்; தாம் இறந்த பின் அந்தக் கட்டுகளை நூலகத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. அவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வழியில்லாமல், என் மேசைக்குப் பின்னால் வைத்து வாய்மொழியாகவே இரவல் கொடுத்து வந்தேன்.

இனி உரிமைத்தொகைப் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் பதிப்பாளர்கள் முதலில் எழுப்பும் தடை அதுதான். ராஜம் கிருஷ்ணனின் நூல்களைத் தமிழ்நாடு அரசு 2009ஆம் ஆண்டிலேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பெரும்பாலும் எழுத்தாளர் மறைந்த பிறகே நடக்கும் இந்த ஏற்பாடு, அவர் உயிரோடு இருக்கும்போதே நடந்தது. அதன் பின்னணியைத் தாங்கள் அறிவீர்கள். முசிறியில் 1925ஆம் ஆண்டு பிறந்து, இளம் வயதிலேயே மணமாகி, மின்பொறியாளரான கணவரோடு ஊர் ஊராகச் சென்று, நீலகிரியின் படகர்களையும் தூத்துக்குடியின் உப்பளத் தொழிலாளர்களையும் கடற்கரை மீனவர்களையும் நேரில் கண்டு எழுதியவர் அவர். பிள்ளைகள் இல்லை. கணவர் மறைந்த பிறகு, கையில் இருந்த பணமும் கரைந்து, உடலும் விழுந்து, முதியோர் இல்லத்திலும் பின்னர் சென்னை போரூரில் ஒரு மருத்துவமனையின் பராமரிப்பிலுமாக வாழ்ந்து 2014 அக்டோபரில் மறைந்தார். பெண்ணின் முதுமையைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு எழுதிச் சொன்ன ஒருவருக்கு, "கடைசியில் யார் வீட்டில்?" என்ற கேள்விக்கு இதுதான் விடையாகக் கிடைத்தது. அவருடைய நூல்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, எவருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. பெரிய எழுத்து வரிசையை அவருடைய ஒரு நாவலைக் கொண்டு தொடங்குவதற்கு மனம் ஒன்றைத் தவிர வேறெதுவும் தேவைப்படாது. ஏனைய நூல்களுக்கு எழுத்தாளர்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசிக்கொள்ளலாம்.

இப்போது எழுத்தின் அளவு. தமிழ் நாவல்கள் பெரும்பாலும் 10 அல்லது 11 பாயிண்ட் எழுத்தில், டெம்மி அளவில் அச்சாகின்றன. இளங்கண்களுக்கு அது போதும். கண்புரை முற்றத் தொடங்கிய கண்ணுக்கு முதலில் மறைவது புள்ளி. மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தெரியத் தொடங்கும். அடுத்ததாகக் காலும் ரகரமும் ஒன்றோடொன்று குழம்பும். அறுவை செய்து லென்ஸ் வைத்துக்கொண்டவர்களுக்கும் வெள்ளை வெளேரென்ற தாளில் விளக்கொளி பட்டால் கண் கூசும் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எழுத்து 16 பாயிண்டுக்குக் குறையாமலும், வரிகளுக்கிடையே போதிய இடைவெளியோடும், மங்கலான பழுப்பேறிய மேப்லித்தோ தாளிலும் இருக்க வேண்டும்.

எழுத்து இப்படிப் பெரிதானால் 250 பக்க நாவல் 500 பக்கத்தைத் தாண்டும், கனமும் அரைக் கிலோவுக்கு மேல் போகும். வாதம் பிடித்த மணிக்கட்டால் அதை ஏந்திப் படிக்க முடியாது. எனவே ஒரு நாவலை இரண்டு பாகங்களாகப் பிரித்துக் கட்ட வேண்டும். முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டிய புத்தகம் இவர்களுக்கு உதவாது. ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்பட்ட 16 பக்கக் கட்டுகளாகத் தைத்துக் கட்டினால்தான் மடியிலோ தலையணையிலோ விரித்து வைத்தபடியே கிடக்கும். தையல் கட்டுக்குச் செலவு கூடுதல் என்பதை அறிவேன். ஆனால் பத்துக் கை மாறியதும் தாள் உதிரும் ஒட்டுக் கட்டுப் புத்தகங்களை மறுபடி பைண்டு செய்ய நூலகங்கள் செலவிடும் பணத்தையும் இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கல் இருக்கிறது. நூலகக் கொள்முதலில் பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து விலை நிர்ணயித்து வந்த வழக்கத்தால், எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தைக் கூட்டும் பதிப்பாளர்மீது சந்தேகம் விழுவது இயல்பு. அப்படிச் செய்தவர்கள் இல்லாமலும் இல்லை. நாலு பக்கமும் தாராளமாக வெள்ளை விட்டு, நடுவில் கவிதைபோல் உரைநடையை வைத்த புத்தகங்களை நானே பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். இந்தச் சந்தேகத்துக்கு அஞ்சியே நேர்மையான பதிப்பாளர்களும் எழுத்தைப் பெரிதாக்கத் தயங்குகிறார்கள். முதியோருக்கான பதிப்பு என்று ஒரு தனி இனத்தை விதிகளில் சேர்த்து, அதற்கான எழுத்தளவு, தாள், கட்டு, பாகத்துக்கு அதிகபட்சப் பக்கம் ஆகியவற்றை வரையறுத்துவிட்டால் இது தீர்ந்துவிடும்.

இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று அட்டையிலேயே அச்சிட்டு, திருவிழாக் கடைகளில் குவித்து விற்றிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும், மங்கிய கண்ணோடு விளக்கடியில் உட்கார்ந்து பிறருக்குப் படித்துச் சொல்பவர்களும் தங்களிடம் புத்தகம் வாங்குகிறார்கள் என்பது அந்தச் சந்தைப் பதிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அதைத் தொண்டாகச் செய்யவில்லை. விற்றது, அதனால் அச்சிட்டார்கள்.

கைபேசியிலும் மின்நூலகத்திலும் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன என்பது பெரிய காரியம். ஆய்வு மாணவர்களுக்கு அது வரம். ஆனால் படமாக்கப்பட்ட பக்கத்தைக் கைபேசியில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் வலமும் இடமும் இழுக்க வேண்டும். அந்தக் கைபேசியும் பல வீடுகளில் பேரனுடையது. ஒலிநூல் என்று சொல்பவர்களுக்கு வேறொரு பதில் இருக்கிறது. மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் கட்டில் போட்டிருக்கும் ஒரு பெண், மாமியாரைப் பட்டினி போட்ட மருமகளின் கதையை மருமகள் காதுபடக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? காதில் கருவியை மாட்டிக்கொண்டால், கூப்பிட்டது கேட்கவில்லை என்று அதற்கும் ஒரு சொல் வரும். புத்தகம் சத்தம் போடாது. தனக்கென்று ஓர் அறை இல்லாதவளுக்கு, விரித்து வைத்த புத்தகத்தின் இரண்டு பக்கங்களே அறை. வாய்விட்டுச் சொல்ல முடியாததை வேறொருத்தி சொல்லியிருப்பதை அவள் அங்கே யாருக்கும் தெரியாமல் படித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 2021ஆம் ஆண்டுக் கணிப்பின்படி ஏறத்தாழ 13.6 விழுக்காடு, இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த நிலையில் இருக்கிறோம். இவர்களுள் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், எழுதப் படிக்கத் தெரிந்த முதிய பெண்களின் தொகையும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறது. 1960களிலும் 70களிலும் பள்ளிக்குப் போன சிறுமிகள்தான் இன்றைய பாட்டிகள். அவர்கள் குடும்பங்களும் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி செலுத்தி வந்திருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இம்மாகாணத்தில் வந்ததென்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சட்டத்தில் வாசகருக்கு வயது வரம்பு எதுவும் இல்லை. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, போட்டித் தேர்வர்களுக்குத் தனிப் பகுதி என்று நூலகங்கள் வளர்ந்திருப்பதை மனமார வரவேற்கிறேன். அதே அக்கறையில் சிறு பங்கை இங்கேயும் எதிர்பார்க்கிறேன்.

நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் வழியாகப் புத்தகங்களைக் கொண்டு சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டம் நல்ல திட்டம். ஆனால் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, பாட்டி ஒருவருக்குப் புத்தகம் எடுத்துச் செல்லும்போது அவன் கை தானாகவே ஆன்மிக அலமாரிக்குத்தான் போகும். முதுமை என்றால் திருவாசகம் என்று அவனுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். திருவாசகம் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழவியின் முறைச் சாப்பாட்டைப் பற்றிய நாவலும் அவன் பையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட புத்தகங்களைத் தனி அட்டை நிறத்தில் ஒரே தட்டில், இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டால், அவன் தேட வேண்டியதில்லை.

தேர்வுக் குழுவில் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்களோடு நூலகத்தில் நாற்பது ஆண்டு நாவல் படித்த வாசகி ஒருவரும் இந்த ஒரு வரிசைக்காவது அமர வேண்டும் என்பது என் துணைக் கோரிக்கை. பட்டமோ நூலோ இல்லாதவரை எந்தத் தகுதியில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தால், கிளை நூலகர்களைக் கேளுங்கள். யாருடைய வட்டம் எந்தெந்தப் புத்தகத்தின் 21ஆம் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெரிய அளவில் பணம் ஒதுக்கும் முன் சோதித்துப் பார்க்க விரும்பினால், அதற்கும் வழி இருக்கிறது. நாட்டுடைமையான ஒரு நாவலின் முதல் ஃபாரத்தை மட்டும் 14, 16, 18 பாயிண்ட் என்று மூன்று அளவுகளில் அச்சிட்டு, வெவ்வேறு மாவட்டங்களில் சில கிளை நூலகங்களின் வாசிப்பு மேசையில் வையுங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் வையுங்கள். ஓய்வூதியமும் உதவித்தொகையும் வாங்க வெளியே வரும் பெண்கள் அந்த நாள்களில்தான் நூலகப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். எந்த அளவைக் கையில் எடுத்தார்கள், எத்தனை பக்கம் படித்தார்கள், மீதிக் கதை எங்கே என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை நூலகர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். கேட்பவர்களுக்குச் சொல்ல, அடுத்த பாகம் எப்போது வரும் என்ற தேதியை மட்டும் முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்